வைதரணிக் கரையில் ஒரு தத்துவஞானி

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலிலே சித்திராபௌர்ணமி தோறும் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள். ஒருவர் பாட்டை இழுத்து வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். கதை முடிந்ததும் கஞ்சி வார்ப்பார்கள். கஞ்சியை நினைத்துக்கொண்டு செல்லும் எனக்கு, பயன் சொல்பவரின் குரலில் எழும் நரகமே வீடு வரையும் துணையாக வரும். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, இரத்தமும் சீழும் பெருகும் வைதரணி ஆறு, ஒன்றையும் மறவாமல் எழுதிவைக்கும் கணக்கர் எல்லாம் இருட்டில் என் பாய்க்கு அருகே வந்து நிற்கும். ஆச்சியின் கொட்டைப்பெட்டியிலே களவெடுத்த ஐந்து சதத்தையும், அணிலின்மேல் எறிந்த கல்லையும் எண்ணியெண்ணி விழித்துக் கிடப்பேன்.

இருபத்திரண்டாம் வயதில் அந்த நம்பிக்கைகள் என்னை விட்டு நீங்கின. யாரும் என்னை மயக்கிவிடவில்லை. படித்ததும் சிந்தித்ததும் காரணமாக, பழுத்த இலை உதிர்வதுபோல் அவை உதிர்ந்தன. அவற்றோடு நரகமும் போய்விட்டதென்றே நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த ஆண்டு கடுங்காய்ச்சலிற் கிடந்த ஓரிரவு கொப்பரையும் ஆறும் கணக்கரும் திரும்பி வந்தார்கள். இல்லையென்று அறிவு சொல்லிற்று. நெஞ்சு அதைச் செவிமடுக்கவில்லை. நான் வெட்கமடைந்தேன். நம்பாத ஒன்றுக்கு நடுங்குபவன் நம்புகின்றவனிலும் பார்க்க இழிந்தவன் அல்லவா என்று என்னையே நொந்துகொண்டேன்.

அந்த வெட்கத்தை என்னிடமிருந்து நீக்கியவர் எனக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஸ்கொட்லாந்து தேசத்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம். அவருடைய தருக்க நுட்பங்களைப்பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நான் இங்கே சொல்ல விழைவது, நரகத்தைப் பாலோடு ஊட்டிய ஒரு சமூகத்திற் பிறந்த அம்மனிதர் அந்தப் பயமின்றி எவ்வாறு இறக்கமுடிந்தது என்பதையே.

ஹியூம் 1711ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் எடின்பரோ நகரிற் பிறந்தார். இரண்டு வயதிலே தந்தையை இழந்தார். தமையனையும் தமக்கையையும் அவரையும் தாயே வளர்த்தெடுத்தார். குடும்பத்தின் நிலம் சேர்ன்சைட் என்னும் கிராமத்துக்கு அண்மையில் நைன்வெல்ஸ் என்ற இடத்தில் இருந்தது. ஊர்த் தேவாலயத்தின் குருவானவரும் உறவினரே. அக்காலத்து ஸ்கொட்லாந்துத் திருச்சபை கல்வீனிய மரபைச் சேர்ந்தது. இரட்சிக்கப்படுவோர் இன்னாரென்றும் தண்டிக்கப்படுவோர் இன்னாரென்றும் ஆதியிலேயே விதிக்கப்பட்டுவிட்டது என்பது அதன் கொள்கை. தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று ஒவ்வொரு குழந்தையும் தன் உள்ளத்தைத் துருவிப் பார்க்கவேண்டும்.

ஐயுறுவோருக்கு மறுமையில் மட்டுமன்றி இம்மையிலும் தண்டனை உண்டு. எடின்பரோ சர்வகலாசாலை மாணவனான தோமஸ் ஏக்கன்ஹெட் என்னும் இருபது வயது இளைஞன், மதத்தை இகழ்ந்து பேசினான் என்ற குற்றத்துக்காக 1697ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். ஹியூம் பிறப்பதற்கு அப்பொழுது பதினான்கு ஆண்டுகளே இருந்தன. அதே சர்வகலாசாலைக்குத்தான் அவரும் பதினொரு வயதளவிற் படிக்கச் சென்றார்.

சிறுவயதில் ஹியூம் பக்தியுள்ளவராகவே இருந்தார். அக்காலத்துக் கிறித்தவ வீடுகளில் வழங்கிய ஓர் ஒழுக்க நூலின் ஈற்றிலே பாவங்களின் அட்டவணை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத் தன்னைத் தானே விசாரணை செய்வது அவருடைய வழக்கம். கொலை, களவு போன்றவற்றுக்குத் தனக்கு வாய்ப்பும் இல்லை, மனமும் இல்லை என்று அவற்றை விலக்கிவிட்டு, தன் கல்வித் திறமையைக் குறித்துத் தற்பெருமை கொண்டோமா என்று ஆராய்வாராம். இதைப் படித்தபோது எனக்கு என் ஐந்து சதமும் அணிலும் நினைவுக்கு வந்தன. சித்திரபுத்திரனாரின் ஏடு எந்தத் தேசத்துக் குழந்தையின் தலைமாட்டிலும் இருக்கத்தான் செய்கிறது.

அவரை விட்டு நம்பிக்கை ஒருநாளில் நீங்கவில்லை. இருபது வயதாகுமுன்னரே ஒரு குறிப்பேட்டில் சமயம்பற்றிய தம் சிந்தனைகளைப் பக்கம் பக்கமாக எழுதிவந்தார். எல்லாரும் நம்புவதை உறுதிசெய்யும் நியாயங்களைப் பதைப்போடு தேடுவதில் அந்த ஏடு தொடங்கிற்று. ஐயங்கள் மெல்ல நுழைந்தன, விரட்டப்பட்டன, மீண்டும் வந்தன. விருப்பத்துக்கும் அறிவுக்கும் இடையே நடந்த அந்தப் போரின் பதிவேட்டை நாற்பது வயதை எட்டும் காலத்தில் அவரே எரித்துவிட்டார். 1751ஆம் ஆண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தினாலேயே அதைப்பற்றி நாம் அறிகிறோம்.

பதினெட்டாம் வயதில் அவருக்கு ஒரு நோய் கண்டது. உற்சாகம் குன்றியது, பின்னர் நெஞ்சு படபடத்தது. கற்றோர்க்கு வரும் நோய் இது என்று கூறிய வைத்தியர், கசப்பு மருந்தும் நாள்தோறும் திராட்சை மதுவும் குதிரைச் சவாரியும் விதித்தார். 1734இல் ஒரு வைத்தியருக்கென எழுதிய நீண்ட கடிதத்திலே நோயின் காரணத்தை ஹியூமே ஆராய்கிறார். சிசரோ, செனேக்கா, புளூட்டாக் முதலியோரின் நூல்களைப் படித்து, மரணம், வறுமை, அவமானம், வேதனை ஆகியவற்றுக்கு எதிராகத் தம் மனத்துக்கு ஓயாது கவசம் பூட்டிவந்தார். செயலும் கூட்டுறவும் நிறைந்த வாழ்விலே அத்தகைய சிந்தனை பயன் தரும். தனிமையிலோ அது எதிர்ப்பொருளின்றிக் காற்றில் வீசும் கைபோல வீணாகி, வீசியவனையே இளைக்கச் செய்யும் என்று கண்டார். அச்சத்தைத் தனியே இருந்து தருக்கத்தால் வெல்ல முயல்பவன் அச்சத்துக்கே இரையாகிறான் என்ற பாடத்தை அவர் புத்தகத்திலிருந்து அல்ல, தம் உடம்பிலிருந்தே கற்றார்.

அதன்பின் பிரான்சு தேசம் சென்று, லா பிளேஷ் என்னும் சிற்றூரில் தங்கினார். டேக்கார்ட் என்னும் தத்துவஞானி படித்த இயேசு சபைக் கல்லூரி அங்கே இருந்தது. அவ்வூரில் எழுதத் தொடங்கிய மனித இயல்பு பற்றிய பெருநூலை 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். உலகம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் என் காய்ச்சல் இரவுக்கு விளக்கம் அந்நூலிலேதான் இருந்தது.

நம்பிக்கை என்பது அறிவு தருக்கித்துப் பெறும் முடிவு மட்டுமன்று. பழக்கம் ஓர் எண்ணத்துக்கு ஊட்டும் உயிர்ப்பே நம்பிக்கை என்பது ஹியூமின் கொள்கை. குழந்தைப் பருவந்தொட்டுத் திரும்பத் திரும்பச் செவியில் விழுந்த கருத்துக்கள் மிக ஆழமாக வேரூன்றுகின்றன. அறிவும் அனுபவமும் தம் முழு வலிமையோடு முயன்றாலும் அவற்றைப் பெயர்த்தெடுத்தல் இயலாது என்கிறார். வேறோரிடத்தில் ஓர் உவமை வருகிறது. உயர்ந்த கோபுரமொன்றின் உச்சியிலிருந்து இரும்புக் கூண்டுக்குள் வைத்து ஒருவனை வெளியே தொங்கவிட்டிருக்கிறார்கள். கூண்டு உறுதியானது, தான் விழப்போவதில்லை என்பதை அவன் ஐயமின்றி அறிவான். ஆயினும் கீழே பாதாளத்தைப் பார்க்கும்போது அவன் உடல் நடுங்குகிறது. ஆழத்தின் தோற்றமும் விழுதலைப்பற்றிய எண்ணமும் அவன் அறிவை மீறி அவனை ஆட்டுகின்றன.

இந்த உவமையை முதன்முதல் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். கூண்டுக்குள் நடுங்குபவனை நாம் பொய்யன் என்று சொல்வதில்லை. கோழை என்றும் பழிப்பதில்லை. அவன் உண்மையை அறிந்திருக்கிறான். உடம்புக்கு அது இன்னும் பழகவில்லை. என் நடுக்கம் நரகம் உண்டென்பதற்குச் சான்றும் அன்று. என் அறிவு பொய்யென்பதற்குச் சான்றும் அன்று. அது பயன் சொன்னவரின் குரல் என் இளமையிற் பதித்த தடம், அவ்வளவே.

அப்படியாயின் தடம் அழிவது எவ்வாறு? ஹியூமின் விடை வியப்பானது. அந்நூலின் முதற் பாகத்தின் முடிவிலே, தம் சிந்தனைகளே தம்மை இருளில் ஆழ்த்திய நிலையை அவர் வருணிக்கிறார். அந்த முகிலை அறிவினால் அகற்ற முடியவில்லை, இயற்கையே அகற்றிற்று. நண்பர்களோடு உண்டார், சூதுக்காய் நகர்த்தி விளையாடினார், பேசிச் சிரித்தார். மூன்று நான்கு மணி நேரத்தின்பின் திரும்பிப் பார்க்கையில் அந்தப் பயங்கரங்கள் உயிரற்றுக் கிடந்தன. பழக்கத்தால் வந்தது பழக்கத்தாலேயே போகவேண்டும். எஞ்சிய வாழ்நாளெல்லாம் அவர் இவ்வழியிலேயே நடந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாழ்வு அவருக்கு எளிதாக இருக்கவில்லை. 1745இல் எடின்பரோவிலும் 1752இல் கிளாஸ்கோவிலும் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டாமற் போயிற்று. நாத்திகர் என்ற பெயரே தடை. 1755, 1756ஆம் ஆண்டுகளில் திருச்சபையின் பொதுச்சங்கத்திலே அவருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சிலர் முயன்று தோற்றனர். ஆயினும் அவருடைய நெருங்கிய நண்பருள் ஹியூ பிளேயர், வில்லியம் ரொபேட்சன் போன்ற குருமாரே பலர். சமயத்தைப்பற்றி மட்டும் தம்மிடம் வாதிடவேண்டாம் என்று பிளேயரைக் கேட்டுக்கொண்டு, மற்றெல்லாவற்றையும் அவர்களோடு மகிழ்ந்து பேசினார். இங்கிலாந்துச் சரித்திரத்தை எழுதிப் புகழும் பொருளும் ஈட்டினார். 1763 முதல் பாரிஸ் நகரிலே பிரித்தானியத் தூதரகத்திற் பணியாற்றியபோது அங்குள்ளோர் அவரை நல்லவர் என்ற அடைமொழியோடே அழைத்தனர்.

நரகத்தைப்பற்றி அவர் நேராகவே எழுதியதும் உண்டு. ஆன்மாவின் அழியாமைபற்றிய கட்டுரை 1755ஐ அடுத்து அச்சாகியும், வழக்கு வருமென்ற அச்சத்தால் வெளிவராமல் நிறுத்தப்பட்டது. அவர் இறந்தபின் 1777இலேதான் வெளிவந்தது. மனிதன் மிகப் பலவீனமான ஓர் உயிர். அவன் சிறிது காலத்திற் செய்த குற்றத்துக்கு முடிவேயில்லாத தண்டனை எந்த நீதியின் அளவுகோலுக்குப் பொருந்தும் என்று வினவுகிறார். சுவர்க்கமும் நரகமும் இருவகை மனிதரை வேண்டுகின்றன: முற்றும் நல்லோர், முற்றும் தீயோர். நாம் காணும் மக்களில் மிகப் பெரும்பாலோர் நன்மைக்கும் தீமைக்கும் நடுவே மிதப்பவர்கள். நல்லவர்களுக்கு விருந்தும் தீயவர்களுக்கு அடியும் கொடுப்பதென்று ஒருவன் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டால், யாருக்கு எதைக் கொடுப்பதென்று தெரியாமல் திகைப்பான். மறுமைபற்றிச் சிலர் உள்ளத்தில் எழும் விளங்காத திகில்களைப் போதனையும் வளர்ப்புமே ஊட்டி வளர்க்கின்றன. ஊட்டாதுவிட்டால் அவை விரைவில் மறையும் என்றும் சொல்கிறார்.

இவ்வளவு சொன்னேனாயினும் அவரை முனிவராக்க நான் முனையவில்லை. வெள்ளையரல்லாதார் இயல்பிலேயே தாழ்ந்தவர் என்று 1753இல் தம் கட்டுரையொன்றிற் சேர்த்த அடிக்குறிப்பு அவருடைய பெயருக்கு நீங்காத களங்கம். அதன் காரணமாக எடின்பரோ சர்வகலாசாலை தன் கட்டடமொன்றுக்கு இட்டிருந்த அவருடைய பெயரை 2020ஆம் ஆண்டு நீக்கிற்று. இளமைப் பழக்கம் அறிவை எவ்வாறு கட்டுகிறதென்று உலகுக்கு விளக்கிய அவரே, தம் காலத்துப் பழக்கமொன்றின் கட்டை உணராது போனார். ஒரு பயத்தை வென்றவன் எல்லா இருளையும் வென்றவன் ஆகான்.

1775இல் வயிற்று நோய் அவரைப் பற்றியது. 1776 ஏப்பிரிலில் தம் வாழ்க்கைச் சுருக்கத்தைச் சில பக்கங்களில் எழுதிமுடித்தார். வைத்தியர் சொற்படி பாத் நகருக்குச் சென்று நீராடியும் குணம் காணவில்லை. யூலைத் தொடக்கத்தில் எடின்பரோவுக்குத் திரும்பி, 4ஆம் நாள் நண்பர்களை அழைத்து விடைபெறும் விருந்து அளித்தார். நகரம் முழுவதும் ஒரு கேள்வி உலவியது. கடவுளை மறுத்தவர் கடைசி மூச்சில் அலறுவாரா, மனந்திரும்புவாரா என்று பலர் காத்திருந்தனர்.

காத்திருந்தோருள் ஒருவர் ஜேம்ஸ் பொஸ்வெல். பின்னாளில் ஜோன்சனின் சரிதையை எழுதிப் புகழ்பெற்ற அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. நித்திய தண்டனையே தம் குழந்தை மனம் முதன்முதற் பற்றிய பெரிய எண்ணமென்றும், அது தம்மை நடுங்கவைத்ததென்றும் தம் இளமையைப்பற்றி எழுதியவர் அவர். யூலை 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போக நேரம் பிந்திவிட்டது. நேரே ஹியூமின் வீட்டுக்குச் சென்றார். பருத்திருந்த மனிதர் உலர்ந்து, சாம்பல் நிற உடையில் புத்தகமும் கையுமாக இருந்தார். மறுமை இருக்கக்கூடுமல்லவா என்று பொஸ்வெல் துருவினார். நெருப்பிலிட்ட கரித்துண்டு எரியாமல் இருத்தலுங்கூட நடக்கக்கூடியதே என்று ஹியூம் சிரித்துக்கொண்டே பதில் தந்தார். இல்லாமற் போவதை எண்ணி மனம் கலங்கவில்லையா என்று கேட்டதற்கு, பிறப்பதற்குமுன் இல்லாதிருந்ததை எண்ணி எவ்வளவு கலங்குகிறேனோ அவ்வளவே என்ற கருத்துப்பட விடையிறுத்தார்.

அன்று அவ்வறையிற் கலங்கியவர் நோயாளியல்லர், பார்க்க வந்தவரே. பொஸ்வெலின் உள்ளம் பல ஆண்டுகள் ஆறவில்லை. ஹியூமின் அமைதி வெறும் நடிப்பு என்று ஜோன்சன் சொன்ன பின்பும் ஆறவில்லை. 1784இல், ஹியூம் அந்தரங்கமாகக் கிறித்தவராகவே இருந்தார் என்று காட்டும் நாட்குறிப்பொன்று அகப்பட்டதாகக் கனவு கண்டு சிறிது ஆறுதல் பெற்றார். நான் பொஸ்வெலை ஏளனம் செய்யமாட்டேன். அவரை என் காய்ச்சல் இரவில் நான் சந்தித்திருக்கிறேன்.

பொருளியல் அறிஞர் அடம் ஸ்மித் ஹியூமின் உயிர் நண்பர். ஓகஸ்ட் மாதத்தில் அவர் சென்றிருந்தபோது ஹியூம் கிரேக்க ஆசிரியர் லூசியனைப் படித்துக்கொண்டிருந்தார். இறந்தோரை மறுகரைக்கு ஏற்றிச்செல்லும் கேரோன் என்னும் ஓடக்காரனிடம் தவணை கேட்பதற்குத் தமக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லையே என்று வேடிக்கையாக வருந்தினார். நூல்களைத் திருத்தி முடிக்கவேண்டும் என்று சொல்லலாம். திருத்தம் ஒருபோதும் முடியாதென்று ஓடக்காரன் மறுப்பான். மக்கள் மூடநம்பிக்கையிலிருந்து விடுபடுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். அதற்கு எத்தனையோ நூறு ஆண்டுகள் செல்லும், சோம்பேறியே, ஏறு ஓடத்தில் என்று அவன் கோபிப்பான். இவ்வாறு இருவர் பேச்சையும் தாமே கற்பித்துச் சிரித்தார்.

கேரோனின் ஆறுதான் நமது வைதரணி. அதன் கரையில் நின்றுகொண்டு ஓடக்காரனோடு வேடிக்கை பேசுபவனை இனி எந்த நரகம் அச்சுறுத்தும்? அறைகூவி எதிர்ப்பவனிடத்திலும் பயத்தின் சாயல் எஞ்சியிருக்கலாம். ஹியூம் அறைகூவவில்லை, நடுங்குவோரை இகழவும் இல்லை. பழைய கதையொன்றை ரசிப்பதுபோல ரசித்தார்.

1776 ஓகஸ்ட் 25ஆம் நாள், ஞாயிறு பிற்பகலில், வேதனையோ கலக்கமோ இன்றி அவர் உயிர் பிரிந்தது. மழைக்கிடையே கோல்ட்டன் குன்றிலே அடக்கம் நடந்தபோது வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. கல்லறையைச் சிதைப்பார்களோ என்று அஞ்சிய நண்பர்கள் சில இரவுகள் அங்கே காவல் வைக்கவேண்டியிருந்தது. அவருடைய அமைதியான மரணத்தை ஸ்மித் எழுதி வெளியிட்டபோது எழுந்த கண்டனம் பெரிது. நாத்திகர் துணிவாக வாழ்ந்ததைச் சகித்தோர் சிலரால் அவர் நிம்மதியாக இறந்ததைச் சகிக்க முடியவில்லை.

சமயத்தை விடுங்கள் என்று யாருக்கும் சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. நம்பிக்கையிலே அமைதி கண்டோர் எத்தனையோ பேரை நான் அறிவேன். என் ஆச்சியும் அவர்களுள் ஒருவர். ஆனால் ஒவ்வோராண்டும் என்னிடம் கற்ற மாணவருள் யாரேனும் ஒருவன், நம்பிக்கையை இழந்தும் பயத்தை இழக்க முடியாமல், வெளியே சொல்லவும் நாணி இருந்திருப்பான். அவனுக்காகவே எழுதினேன். தம்பி, நடுக்கம் வந்தால் வரட்டும். அதனோடு தனியே இருந்து மல்லாடாதே. எழுந்து போய் நாலுபேரோடு உட்கார்ந்து சாப்பிடு. உன் வேலையைச் செய்.

இப்பொழுதும் சித்திராபௌர்ணமியன்று நான் கோயிலடிக்குப் போவதுண்டு. பயன் சொல்பவர் வேறொருவர். கொப்பரை அதே கொப்பரைதான். ஓரத்தில் இருந்து கதையை முழுவதும் கேட்பேன். ஏதோவொரு வரியில் முதுகுத்தண்டு சிறிது சில்லிடும். கூண்டு உறுதியாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கஞ்சி வாங்குவோர் வரிசையிலே போய் நிற்பேன்.